நோட்டீஸின் பின்பக்கம்

என் எழுத்து இதற்கு முன் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவைதான். இரண்டாயிரம் பிரதிகள். எங்கள் ஊரில் அதைப் படிக்காதவர்கள் கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஜீப்பில் மைக் கட்டி வாசித்துக் காட்டினார்கள். அந்த வகையில் நான் வெற்றி பெற்ற எழுத்தாளர்தான். அதில் என் மாமியார் தேர்தலில் தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம்.

(என்னால்தான் தோற்றாரா என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆம் என்று தோன்றுகிறது. புதன்கிழமை இல்லை என்று தோன்றுகிறது.)

எங்கள் ஊர் குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கிராமமும் இல்லை, டவுனும் இல்லை, பேரூராட்சி. ஒரு கடைவீதி, அதற்கு மேலே படிக்கட்டு ஏறி வீடுகள், கீழே படிக்கட்டு இறங்கி வீடுகள், சுற்றிலும் தேயிலை. நான் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, பி.காம். படித்து, கல்யாணமாகி மேலே ஏறியவள். கீழே வெயிலில் வளர்ந்த பெண்ணுக்கு மலையில் முதல் வேலை, துணி காயவில்லையே என்று கவலைப்படுவது. மகள் பிறந்ததும் அந்தக் கவலை முழுநேர உத்தியோகமாகிவிட்டது.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது குன்னூர் டாக்டர், "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பி.காம். படித்தவளுக்கு ஓர் எண் தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை தடவை, என்ன நிறம். கையில் எந்தக் காகிதம் கிடைக்கிறதோ அதில்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கடைவீதியில் மளிகைக் கடை. எட்டாவது வரை படித்தவர். கடையில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சாரியில் இருப்பவரிடம் பேசக்கூடிய குரல். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது, அவர்கள் வாங்கும் பருப்பின் அளவை வைத்து அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வருஷங்களில் எல்லோரும் வாங்கும் பருப்பு குறைந்துகொண்டே வந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சிலர் செடியைக் கவாத்துக்கூடச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. எங்கள் தெருவிலேயே நான்கு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கிப் போயின.

அந்தத் தடவை பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். பழைய தலைவர் உடனே தன் மனைவியை நிறுத்தினார். எதிர்த்து யாரை நிறுத்தலாம் என்று கேட்டுக் கடைவீதிக்காரர்கள் அத்தையிடம் வந்தார்கள்.

"இலை விலை இப்படிக் கெடக்குது. ஊட்டு வரி நோட்டீசு மட்டும் தேதி தவறாம வருது. நானே நிக்கறேன்" என்றார் அத்தை. சின்னம் குடை கிடைத்தது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இதைவிட நல்ல சின்னம் இல்லை. பாதி ஜெயித்தாயிற்று என்று என் வீட்டுக்காரர் சொன்னார். (அவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலை எடைச்சீட்டு எழுதுபவர். அளந்துதான் பேசுவார். அவரே அப்படிச் சொன்னார்.)

நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு. கடையில் அத்தை சொல்லச் சொல்ல, மடியில் குழந்தையோடு எழுதினேன்.

"மொதல்ல ஊட்டு வரி பாதி. எழுதிட்டியா? இலை விலை ஏறற வரைக்கும் தண்ணி வரி கெடையாது. சந்தைச் சுங்கம் கெடையாது."

அதற்குள் ஓர் ஆள் சீரகம் வாங்க வந்தார். "எங்க சந்துல லைட்டே இல்லீங்கம்மா" என்றார்.

"எழுது அம்மிணி. சந்துக்குச் சந்து லைட்டு."

சீரகம் வாங்க வந்தவர் ஒரு தெருவிளக்கு வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்த கிழவர் படிக்கட்டில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். எல்லாப் படிக்கட்டுக்கும் இரும்புக் கைப்பிடி சேர்ந்தது. கால் கிலோ வெல்லத்துக்கு வந்தவருக்குப் புது மோட்டார் பம்பு. கடைசியில், இலை எடை போடும் இடத்துக்குக் கூரை போட்ட கொட்டகை. இது அத்தையின் சொந்த யோசனை. மழையில் இலை நனைந்தால், எடை போடுகிறவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று தண்ணிக்காகக் கழித்துவிடுவார்கள். அந்தக் கழிவைப் பற்றிப் பேசினால் ஊரில் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். கூரை இருந்தால் இலை நனையாது. நனையாவிட்டால் கழிக்க முடியாது.

எல்லாவற்றையும் நல்ல கையெழுத்தில் ஒரு முழுத்தாளில் எழுதி முடித்தேன். மத்தியானம் குழந்தை தூங்கியது. சும்மா இருந்திருக்கலாம்.

பேரூராட்சி அலுவலகச் சுவரில் வரவு செலவை எழுதி ஒட்டியிருப்பார்கள். அதே கட்டடத்தில்தான் தடுப்பூசி போடுவார்கள். வரிசையில் நின்றபோது அதை முழுக்கப் படித்திருந்தேன். (அதைப் படித்த ஒரே குடிமகள் நானாகத்தான் இருக்கும்.) பெரிய எண்கள் குழப்பும் என்று, மொத்த வரவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டு தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன்.

வீட்டு வரி நாற்பது. தண்ணீர் வரி இருபது. சந்தைச் சுங்கம் பத்து. கடை வாடகை ஐந்து. அரசு தருவது இருபத்தைந்து. ஆக நூறு. அத்தை சொன்னபடி வீட்டு வரியில் பாதி போனால் இருபது போச்சு, தண்ணீர் வரி இருபது போச்சு, சந்தை பத்து போச்சு. மீதி ஐம்பது.

இப்போதைய செலவு: சம்பளம் ஐம்பத்தைந்து. அங்கேயே ஐந்து ரூபாய் இடித்தது. மின்சாரமும் மராமத்தும் சேர்த்து நாற்பத்தைந்து. அதற்கு மேல் சீரகக்காரரின் விளக்கு, கிழவரின் கைப்பிடி, வெல்லக்காரரின் பம்பு, கொட்டகை எல்லாவற்றுக்கும் ரொம்பச் சிக்கனமாகப் போட்டும் எழுபது. ஆக நூற்று எழுபது செலவு, ஐம்பது வரவு.

நூறு ரூபாய் இருந்த இடத்தில் நூற்றிருபது ரூபாய் இல்லை.

இரண்டு தடவை கூட்டினேன். விலை ஏறி எல்லோரும் வரி கட்டினால் என்று ஒரு தடவை. அரசு இரண்டு மடங்கு தந்தால் என்று ஒரு தடவை. எப்படிக் கூட்டினாலும் கூரை ஒழுகியது. ஆனால் அத்தை சொன்னதும் பொய் இல்லை. ஜனங்களால் வரி கட்ட முடியவில்லை என்பது நிஜம். அதை எந்தப் பத்தியில் போடுவது என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

அடியில் எனக்காக எழுதிக்கொண்டேன்: "அத்தையிடம் சொல்லலாமா? சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் ஜெயித்துவிடுவார்."

அதற்குக் கீழே, காகிதம் கையில் இருந்ததால், "பாப்பா: காலையிலிருந்து நான்கு தடவை. பச்சை. நுரையுடன். நாளையும் இப்படியே இருந்தால் குன்னூர் டாக்டர்."

சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அத்தை, ஒரு சின்ன சந்தேகமுங்க."

"சொல்லு அம்மிணி."

அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. "குடைப் படம் மேல போடட்டுங்களா, கீழ போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"மேல" என்றார்.

சரி, காலையில் வேறு தாளில் நகல் எடுத்துக்கொள்ளலாம், கணக்கைப் பற்றி அப்போது யோசிக்கலாம் என்று இருந்தேன். காலையில் குழந்தை அழுதது. வெந்நீர் வைத்துவிட்டு வருவதற்குள், என் வீட்டுக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் குன்னூர் அச்சகத்துக்குப் போய்விட்டார். கொடுத்துவிட்டு அப்படியே வேலைக்கு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்துக்காரர் இடம் போதவில்லை என்று ஒரு வரியை எடுத்துவிட்டார். அந்த வரியில்தான் அத்தையின் உடன்பிறந்த தம்பி, அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் இருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகை, மாப்பிள்ளை பெயர் இல்லாத பத்திரிகைக்குச் சமம். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருஷம் பேசவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: அச்சுக்குப் போனால் எழுதியதில் ஒரு எழுத்துக்கூட விடக்கூடாது.

பத்து மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அத்தையின் பேச்சு மட்டும் கேட்டது.

"ஆமாங்க... ரெண்டு பக்கமா? காசு கூட ஆனா ஆகுது. என்ற மருமக பி.காமுங்க. அவ எழுதுனதுல ஒரு எழுத்து உடப்படாது. கடேசி வரி வரைக்கும் போடுங்க. போன தடவை மாதிரி பண்ணிப்போடாதீங்க."

எனக்குக் கண் கலங்கியது. மாமியார் என் எழுத்தை எவ்வளவு மதிக்கிறார் என்று நினைத்தேன். ரெண்டு பக்கம் என்ற சொல் காதில் விழத்தான் செய்தது. பெரிய எழுத்தில் போட்டால் இரண்டு பக்கம் வரும்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் கட்டு வந்தது. அத்தை மேல்தாளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். முன்பக்கத்தில் குடையையும் தன் படத்தையும் பார்த்தார். கட்டோடு எடுத்துக்கொண்டு நேராக இலை எடை போடும் இடத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் மூன்று மணிக்கு ஊரே அங்கேதான் நிற்கும்.

அரை மணி கழித்து, குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, அவருக்கு ஃப்ளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு நான் போனேன். தூறிக்கொண்டிருந்தது. தராசுக் கொக்கியில் மூட்டை தொங்கியது. அத்தை ஒரு கல்மேல் ஏறி நின்று கொட்டகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லோர் கையிலும் நோட்டீஸ். எல்லோரும் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கத்தில் என்ன இருக்கும் என்று நானும் ஒருவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

அச்சகத்துக்காரர் போன தடவைப் பிழைக்குப் பரிகாரம் செய்திருந்தார். சுற்றிலும் பூ பார்டர். "வரவு செலவு" என்று தலைப்பு, அது அவராகவே சேர்த்தது. கணக்கு முழுவதும் சுத்தமாக, பத்தி பத்தியாக. கடைசி வரி முக்கியமானது என்று நினைத்தாரோ என்னவோ, "பாப்பா: காலையிலிருந்து நான்கு தடவை" என்பதைத் தனிக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

என் கால் இரண்டும் தேயிலைச் செடி மாதிரி அங்கேயே வேர் விட்டுவிட்டன.

மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் போஜண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அக்கா, கொட்டகை பேச்செல்லாம் சரி. இந்த நோட்டீசுல தண்ணிக்கு எவ்வளவு கழிக்கணும்?"

"என்ன சொல்றே போஜா?"

"பின்னால நீங்களே கழிச்சுப் போட்டிருக்கீங்க. அம்பதுதான் நிக்குதாம். மூட்டை நூறுன்னு சொல்லிட்டு எடை போட்டா அம்பது. எடைக்காரன்கூட இவ்வளவு கழிக்க மாட்டான்."

சிரிப்பு எழுந்தது. அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டினார். நோட்டீஸைத் திருப்பினார். வாய்விட்டுத்தான் அவருக்குப் படிக்க வரும். நிதானமாக, எழுத்து எழுத்தாக, கல்மேல் நின்றபடி படித்தார். "சொன்னால்... வருத்தப்படுவார். சொல்லாவிட்டால்... ஜெயித்துவிடுவார்."

 இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பார்வதியக்கா என் பக்கம் திரும்பி, "ஏன் புள்ள, சின்னதுக்கு இப்ப வயிறு எப்புடி? ஓமத்தண்ணி குடுத்தியா?" என்று கேட்டார். அப்போதுதான் கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது.

அத்தை கல்லைவிட்டு இறங்கினார். "என்ற மருமக படிச்சவ. கணக்குத் தப்பாப் போடமாட்டா" என்று மட்டும் சொன்னார். வேட்பாளர் ஒருவர் தன் தேர்தலில் பேசிய மிக மோசமான பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மிச்ச நோட்டீஸை எரித்துவிடலாம் என்று நினைத்தேன். மிச்சம் இல்லை. மறுநாள் காலை பழைய தலைவரின் ஜீப் கடைவீதியில் ஏறியது. மைக்கில் ஒருவர் எங்கள் நோட்டீஸின் பின்பக்கத்தை வாசித்தார். "வாக்காளப் பெருமக்களே, நூற்றிருபது ரூபாய் பற்றாக்குறை!" என்று முழங்கினார். சரி, அரசியல் என்றால் அப்படித்தான். ஆனால் அந்த மனிதர் வேகத்தில் நிறுத்த மறந்துவிட்டார். "பாப்பா! காலையிலிருந்து நான்கு தடவை! பச்சை! நுரையுடன்!" என்பதும் அதே முழக்கத்தில் மலை முழுக்க எதிரொலித்தது. எதிரே இருந்த டீக்கடையில் யாரோ கைதட்டினார்கள்.

பத்து மணிக்குள் கடையில் பெண்கள் கூட்டம். ஒருத்தி வசம்பு கொண்டுவந்தாள். ஒருத்தி மாதுளைத் தோல். நான்கு பேர் ஜாதிக்காய். குழந்தைக்கு முந்தாநாளே சரியாகிவிட்டது என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அச்சில் வந்ததைத்தான் நம்பினார்கள்.

அன்று வந்தவர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் ஆறுமுகம். கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, நோட்டீஸை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"அம்மிணி, சம்பளத்துல அஞ்சு ரூவா கொறையுதுன்னு போட்டிருக்கீங்களே. அது யாரு சம்பளத்துலீங்க?"

 நூறுக்கு ஐந்து என்று போட்டபோது அது ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அத்தைதான் கல்லாவிலிருந்து பேசினார். "உன்ற சம்பளத்துல கை வெக்கமாட்டேன் ஆறுமுகம்."

"அப்ப லைட்டுல கொறைப்பீங்களா, பம்புலயாங்க?"

அத்தை கல்லாவை மூடினார். ஆறுமுகம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கேட்டு வெச்சுக்கலாம்னு வந்தனுங்க" என்று போய்விட்டார். அன்று முழுக்க அத்தை யாருக்கும் புதிதாக எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவர் சாக்கடையைப் பற்றிச் சொன்னபோது, "பாக்கலாமுங்க" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

இதற்குள் எதிர்த்தரப்புக்கும் ஒரு தொல்லை ஆரம்பித்திருந்தது. அவர்களும் வரிக் குறைப்பு, விளக்கு, போதாததற்குக் கல்யாண மண்டபம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். "என்னங்க, பின்னால ஒன்னையும் காணோம்?" என்று போஜண்ணன் கேட்டதற்கு பழைய தலைவரின் மனைவி பதில் சொல்லத் தெரியாமல் ஜீப்பில் ஏறிவிட்டாராம். (இதை நினைத்து இரண்டு நாள் நம்பிக்கையாக இருந்தேன்.)

பத்தொன்பது ஓட்டில் அத்தை தோற்றார். இலை எடை போடும் இடம் இருக்கிற வார்டில் அவருக்குத்தான் அதிக ஓட்டு. வேறு வார்டுகளில் இல்லை. கணக்கைப் பார்த்து எத்தனை பேர் போட்டார்கள், கணக்கைப் பார்த்து எத்தனை பேர் போடவில்லை என்பதை எந்த முறையில் கூட்டினாலும் எனக்கு விடை வரவில்லை.

முடிவு தெரிந்த அன்று நான் என் துணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. சொன்னால் தயாராக இருக்கலாமே என்றுதான். அத்தை அறை வாசலில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார்.

"கோபிக்குப் போறியா?"

"இல்லீங்க அத்தை... நீங்க சொன்னா..."

"நாலு நாள் போன பின்னாடி கேக்கலாம்னு இருந்தேன். இப்பவே கேக்கறேன்." குரல் கடைக் குரல் இல்லை. "புள்ளைக்கு நாலு தடவை போயிருக்குது. பச்சையாப் போயிருக்குது. ஒரே ஊட்டுல இருக்கறேன். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

நான் தேர்தலுக்குத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு இல்லை.

"நீங்க பயந்துக்குவீங்கன்னு..."

"கணக்கையும் எங்கிட்டச் சொல்லலை. புள்ளைக்கு வவுறு சரியில்லைங்கறதையும் சொல்லலை. ரெண்டையும் ஊருக்குச் சொல்லிப்போட்டே. நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?"

நான் அழுதேன். குழந்தையும் அழுதது. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். போகிறபோது காலால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஜெயித்த அம்மாள் முதல் கூட்டத்திலேயே, வீட்டு வரியைக் குறைக்க மேலே எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். மேலிருந்து இன்னும் பதில் வந்ததாகத் தெரியவில்லை. இலை விலையும் பெரிதாக ஏறவில்லை. எடை போடும் இடத்தில் இன்றும் மழையில்தான் நிற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், நான் கணக்குப் போடாமல் இருந்திருந்தால் இங்கே ஒரு கூரை வந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் ஆறுமுகத்தின் விரல் ஞாபகம் வரும்.

அத்தை மறுபடி நிற்கவில்லை. "ஊட்டுல ஆடிட்டரை வெச்சுக்கிட்டு எலெக்‌ஷன்ல நிக்க முடியாது" என்பார். ஆனால் வீட்டில் யார் எந்தத் திட்டத்தைச் சொன்னாலும், என் வீட்டுக்காரர் பழைய ஸ்கூட்டர் வாங்கலாம் என்றாலும் சரி, நான் ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாலும் சரி, கையை நீட்டி ஒரு தாளைத் திருப்புவதுபோல் காட்டி, "பின்பக்கம் என்ன எழுதியிருக்கே?" என்று கேட்பார். நான் சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் முதலில் அவரிடம்தான் சொல்கிறேன். சில சமயம் அவரே, "போதும் அம்மிணி, இது எனக்குத் தெரிய வேண்டாம்" என்கிறார்.

மகளுக்கு ஆறு வயது. கடைவீதியில் அவளைப் பார்க்கிற எவரும் பெயரைக் கேட்பதில்லை; "வயிறு இப்ப பரவாயில்லையா கண்ணு?" என்றுதான் கேட்கிறார்கள். அவளும் நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டு, "நல்லாருக்குதுங்க, உங்க வயிறு எப்படிங்க?" என்று திருப்பிக் கேட்கிறாள்.

இந்த ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். விண்ணப்பத்தை நல்ல கையெழுத்தில் நிரப்பித் தலைமையாசிரியையிடம் நீட்டினேன். எங்கள் ஊர்க்காரர்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் வாங்கினார். முன்பக்கத்தைப் படிக்கவில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

காலியாகத்தான் இருந்தது. (வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, பள்ளி வாசலில் ஒரு தடவை, நானே பார்த்திருந்தேன்.)